பூ. ச. குமாரசாமி ராஜா: மாகாணத்திற்கும் மாநிலத்திற்கும் இடையில் ஒரு சட்டமன்ற வாழ்க்கை

ஆய்வுச் சுருக்கம்

சென்னை மாகாணத்தின் இறுதிப் பிரதமராகவும் சென்னை மாநிலத்தின் முதல் முதலமைச்சராகவும் விளங்கிய பூ. ச. குமாரசாமி ராஜாவின் (1898–1957) பொதுவாழ்வை இக்கட்டுரை ஆராய்கிறது. காமராசரின் துணையால் பதவிபெற்ற இடைக்காலத் தலைவர் என்ற அளவிலேயே அவரைப் பற்றிய பதிவுகள் பெரும்பாலும் நின்றுவிடுகின்றன. அவருடைய அமைச்சரவை பிறப்பித்த ஆணைகளே இந்திய அரசமைப்பின் முதல் திருத்தத்திற்குப் பெரும்பகுதிக் களம் அமைத்தன என்பதை முன்வைத்து, அம்மதிப்பீட்டை இக்கட்டுரை மறுபார்வைக்கு உட்படுத்துகிறது.

திறவுச்சொற்கள்: குமாரசாமி ராஜா, சென்னைச் சட்டமன்றம், வகுப்புவாரி ஆணை, முதல் அரசமைப்புத் திருத்தம், திருவில்லிபுத்தூர்.

ஊரும் தொடக்கமும்

மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்கு அடிவாரத்தில், திருவில்லிபுத்தூருக்கும் தென்காசிக்கும் இடைப்பட்ட நிலப்பகுதியில் அமைந்த ஊர் இராஜபாளையம். விசயநகரப் பேரரசின் வீழ்ச்சியை ஒட்டிய காலங்களில் தெலுங்கு நாட்டிலிருந்து தெற்கே பெயர்ந்த ராஜு குடும்பங்கள் இங்குக் குடியமர்ந்தன. வீட்டில் தெலுங்கும் வெளியில் தமிழுமாக வாழ்ந்த இச்சமூகத்தினர் உழவிலும் பருத்தி வணிகத்திலும் வேரூன்றினர். ஊருக்குத் தெற்கே சேத்தூர் சமீனும், அதனை அடுத்துச் செட்டியார்பட்டி முதலிய ஊர்களும் அமைந்திருந்தன. சமீன் நிலம், தறி, பஞ்சு ஆகிய மூன்றையும் சார்ந்தே இவ்வட்டாரத்தின் வாழ்க்கை இயங்கியது. 1985ஆம் ஆண்டு வரை இப்பகுதி பழைய இராமநாதபுரம் மாவட்டத்திற்கு உட்பட்டிருந்தது.

1898ஆம் ஆண்டு சூலை 8ஆம் நாள் இவ்வூரில் பிறந்த பூசப்பாடி சஞ்சீவி குமாரசாமி ராஜா, பிறந்த சில நாள்களிலேயே தாயை இழந்தார். மூன்று அகவையளவில் தந்தையும் மறைய, பாட்டியின் அரவணைப்பில் வளர்ந்தார். வசதியான குடும்பம் என்பதால் பொருட்குறை இல்லை. ஆயினும் சொந்தப் பொறுப்பில் முடிவெடுக்கும் இயல்பும், அதனைப் பிறர் அறியப் பேசாத அடக்கமும் அவரிடம் இளமையிலேயே அமைந்தன என எண்ண இடமுண்டு. பிற்காலத்தில் அவரை அறிந்தோர் அவருடைய பேச்சாற்றலைக் காட்டிலும் அமைதியையே பெரிதும் குறிப்பிட்டுள்ளனர்.

காந்தியடிகளின்பால் ஈர்க்கப்பட்டுக் காங்கிரசில் இணைந்த அவர், கதரையும் தீண்டாமை ஒழிப்பையும் தம் பணிகளாக ஏற்றார். காந்தியடிகள் 1927ஆம் ஆண்டுத் தமிழகப் பயணத்தின்போது இராஜபாளையத்திற்கு வந்தார். கதர்ப்பணியால் அவ்வூர் அப்போதே பெயர்பெற்றிருந்தது. இம்மாவட்டத்துக் காங்கிரசில் சத்தியமூர்த்தியின் செல்வாக்கு ஓங்கியிருந்தது. விருதுநகரின் காமராசரும் இராஜபாளையத்தின் குமாரசாமி ராஜாவும் அச்செல்வாக்கின் கீழ் வளர்ந்தவர்களே. இராஜாஜி அணி, சத்தியமூர்த்தி அணி எனத் தமிழகக் காங்கிரசு பிளவுபட்டிருந்த நிலையில், 1949இல் நிகழ்ந்த தலைமை மாற்றத்தின் வேர்களை இப்பழைய உறவில் காண இயலும்.

சட்டமன்றங்களில்

1934ஆம் ஆண்டுத் தேர்தலில் காங்கிரசு மீண்டும் சட்டமன்றப் பாதையைத் தேர்ந்தபோது, குமாரசாமி ராஜா தில்லி மத்தியச் சட்டமன்றத்திற்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அதே தேர்தலில்தான் சத்தியமூர்த்தியும் அவ்வவைக்குச் சென்றார். 1937இல் குமாரசாமி ராஜா சென்னைச் சட்டமன்ற உறுப்பினரானார். 1935ஆம் ஆண்டு இந்திய அரசுச் சட்டத்தின்படி அமைந்த அந்த அவையில் 215 இடங்கள் இருந்தன. வாக்குரிமையோ சொத்து, வரி, கல்வி ஆகியவற்றால் வரையறுக்கப்பட்டது. பெரும்பான்மையான கூலி உழவரும் நெசவாளரும் வாக்காளர் பட்டியலுக்கு வெளியே நின்றனர். குமாரசாமி ராஜா பதவியேற்ற 1949இலும் இத்தகைய குறுகிய வாக்குரிமையால் 1946இல் அமைந்த அவையே நடைமுறையில் இருந்தது என்பது அவருடைய அரசியலை விளங்கிக்கொள்ள இன்றியமையாத செய்தி.

அந்த அவை தமிழர், தெலுங்கர், மலையாளிகள், கன்னடர் ஆகிய நால்மொழியினரைக் கொண்டது. கட்சிக்குள் மொழிவழி அணிகளின் கூட்டுக்கணக்கே பிரதமரை ஆக்கவும் நீக்கவும் வல்லதாக இருந்தது. 1946 ஏப்ரல் இறுதியில் பதவியேற்ற தங்குட்டூரி பிரகாசம் ஓராண்டு நிறைவதற்குள் வீழ்ந்தார். அவர்பின் வந்த ஓமந்தூர் பி. இராமசாமி ரெட்டியார் நேர்மைக்குப் பெயர்பெற்றவர். ஆயினும் கட்சி அமைப்பின் தலைமையோடு அவருக்கு இணக்கம் அமையவில்லை. தமிழ்நாடு காங்கிரசுத் தலைவராயிருந்த காமராசரின் ஆதரவோடு, 1949 ஏப்ரல் 6ஆம் நாள் குமாரசாமி ராஜா பிரதமரானார். மூன்றாண்டுகளில் மூன்றாவது தலைவர் அவர். பிறமொழி உறுப்பினர்கள் ஏற்கத்தக்க தமிழ்நாட்டவராகவும், தெலுங்கைத் தாய்மொழியாகக் கொண்டவராகவும், எவரிடமும் பகை பாராட்டாதவராகவும் இருந்தமை அவருக்குத் துணைநின்றது. பக்தவத்சலம், கோபால ரெட்டி, மாதவ மேனன், நீலம் சஞ்சீவ ரெட்டி முதலியோர் அவர் அமைச்சரவையில் இடம்பெற்றனர். பின்னாளில் குடியரசுத் தலைவரான சஞ்சீவ ரெட்டி அப்போது மதுவிலக்கு, வீட்டுவசதி, காடுகள் ஆகிய துறைகளைக் கவனித்தார்.

1950 சனவரி 26 அன்று அரசமைப்பு நடைமுறைக்கு வந்தபோது மாகாணம் மாநிலமாயிற்று, பிரதமர் முதலமைச்சரானார். பெயர் மாற்றத்தோடு ஆட்சியாளரின் அதிகார எல்லையும் மாறியது. நேற்றுவரை அரசாணையாக இருந்தது இன்று அடிப்படை உரிமை என்னும் அளவுகோலுக்கு உட்பட வேண்டியதாயிற்று.

மாநில அரசு எதிர்வாதி

இந்திய அரசமைப்புச் சட்ட வரலாற்றைப் பயில்வோர் முதலில் எதிர்கொள்ளும் வழக்குகளில் பலவற்றின் தலைப்பில் சென்னை மாநிலத்தின் பெயர் இருக்கும். கோபாலன், ரமேஷ் தாப்பர், செண்பகம் துரைராசன், வி. ஜி. ராவ் ஆகிய நான்கு வழக்குகளும் குமாரசாமி ராஜா ஆட்சிக்காலத்துச் சென்னை அரசின் நடவடிக்கைகளை எதிர்த்து எழுந்தவை. தமிழக அரசியல் வரலாறுகள் இந்நான்கையும் ஒன்றாக வைத்து நோக்கத் தவறியுள்ளன.

முதற்கண் அடக்குமுறை பற்றியவை. தெலங்கானாக் கிளர்ச்சியும் 1948இல் பொதுவுடைமைக் கட்சி மேற்கொண்ட புரட்சிப் பாதையும் மாகாண அரசுகளை அச்சத்தில் ஆழ்த்தியிருந்தன. சென்னையில் 1949இல் அக்கட்சி தடைசெய்யப்பட்டது. 1950 பிப்ரவரி 11 அன்று சேலம் மத்தியச் சிறையில் நடந்த துப்பாக்கிச்சூட்டில் பொதுவுடைமைக் கைதிகள் 22 பேர் உயிரிழந்தனர். காந்திய நெறியில் வந்த ஒருவரின் ஆட்சியில், சிறைக்கதவுக்குள், விடுதலை பெற்ற மூன்றாம் ஆண்டில் இது நிகழ்ந்தது. அவ்வமைச்சரவையைப் பற்றிய எந்த மதிப்பீடும் இந்நிகழ்வைக் கடந்துசெல்ல இயலாது, கடந்துசென்றவை குறைபாடுடையனவே.

அடுத்த மாதமே, மார்ச் 1 அன்று, பம்பாயில் அச்சான கிராசு ரோட்சு என்னும் ஆங்கில வார இதழ் சென்னை மாநிலத்திற்குள் நுழையவும் பரவவும் அரசு தடைவிதித்தது. 1949ஆம் ஆண்டுப் பொது ஒழுங்குப் பாதுகாப்புச் சட்டமே அதற்கு அடிப்படை. மே 26 அன்று உச்சநீதிமன்றம் இத்தடையைச் செல்லாது என அறிவித்தது. அதற்கு ஒருவாரம் முன்பு, மே 19இல், ஏ. கே. கோபாலனின் தடுப்புக்காவலைப் பெரும்பான்மைத் தீர்ப்பு ஏற்றுக்கொண்டது. ஆக, ஆளை அடைத்துவைக்க இயன்ற அரசால் இதழைத் தடுக்க இயலவில்லை.

மற்றொரு முனையில் நிகழ்ந்தது சமூகநீதி பற்றியது. நீதிக்கட்சிக் காலம் முதல் வழங்கிவந்த வகுப்புவாரி ஆணை, ஓமந்தூரார் ஆட்சியில் 1947இல் திருத்தப்பட்டு, ஒவ்வொரு 14 இடங்களிலும் பிராமணர் அல்லாத இந்துக்களுக்கு 6, பிற்படுத்தப்பட்ட இந்துக்களுக்கு 2, பிராமணர்க்கு 2, அரிசனங்களுக்கு 2, கிறித்தவர் மற்றும் ஆங்கிலோ இந்தியர்க்கு 1, இசுலாமியர்க்கு 1 எனப் பகிர்ந்தது. மருத்துவக் கல்லூரிச் சேர்க்கையை முன்னிட்டுச் செண்பகம் துரைராசனும் பொறியியல் கல்லூரிச் சேர்க்கைக்காக சீனிவாசனும் தொடுத்த வழக்குகளில், 1950 சூலையில் சென்னை உயர்நீதிமன்றம் இவ்வாணையைத் தள்ளியது. பணிந்துபோகவும் அமைதியாக ஆணையை மடித்துவைக்கவும் அரசுக்கு அப்போது வாய்ப்பிருந்தது. குமாரசாமி ராஜா அமைச்சரவை மேல்முறையீடு செய்தது. அரசின் வழிகாட்டு நெறிகளில் நலிந்த பிரிவினரின் கல்வி பற்றிக் கூறும் 46ஆம் உறுப்பினை அது தன் வாதத்திற்குத் துணைக்கொண்டது. 1951 ஏப்ரல் 9 அன்று உச்சநீதிமன்றம் உயர்நீதிமன்றத் தீர்ப்பை உறுதிசெய்தது.

தோல்வியே இங்கு விளைவுடையதாயிற்று. தமிழகத்தில் பெரியாரும், 1949 செப்டம்பரில் தோன்றிய திராவிட முன்னேற்றக் கழகமும் நடத்திய கிளர்ச்சியும், காங்கிரசுக்குள்ளிருந்தே எழுந்த அழுத்தமும் தில்லியை எட்டின. 1951 சூனில் நிறைவேறிய முதல் அரசமைப்புத் திருத்தம் 15ஆம் உறுப்பில் நான்காம் உட்பிரிவைச் சேர்த்துப் பிற்படுத்தப்பட்டோர்க்கான சிறப்பு ஏற்பாட்டிற்கு வழிவகுத்தது. அதே திருத்தம் 19ஆம் உறுப்பில் பேச்சுரிமையின்மீது பொது ஒழுங்கு என்னும் கட்டுப்பாட்டையும் சேர்த்தது. கிராசு ரோட்சு வழக்கு அதற்கு ஒரு முதன்மைக் காரணம். பீகார் நில உச்சவரம்பு அல்ல, சமீன் ஒழிப்பு வழக்குகளே அத்திருத்தத்தின் மூன்றாம் காரணம் என்பதையும் இங்கே நினைவில் கொள்ளவேண்டும். ஒரே திருத்தத்தின் ஒரு கை விரித்த உரிமைக்கும் மறுகை சுருக்கிய உரிமைக்கும் சென்னையின் ஒரே அமைச்சரவை களமாக இருந்தது. வகுப்புவாரி ஆணைக்காக அவரைப் போற்றுவோர் இதழ்த் தடையைப் பேசுவதில்லை. தடையைக் கண்டிப்போர் ஆணையைப் பேசுவதில்லை.

ஏனையவற்றுள் 1950ஆம் ஆண்டின் உயிர்ப்பலித் தடைச்சட்டமும், 1951ஆம் ஆண்டின் இந்து சமய அறநிலையச் சட்டமும் குறிப்பிடத்தக்கவை. பின்னதும் 1954இல் சிரூர் மட வழக்கின் வாயிலாக உச்சநீதிமன்றத்தை எட்டியது. 1948ஆம் ஆண்டுச் சமீன் ஒழிப்புச் சட்டத்தை நடைமுறைப்படுத்தும் சுமையும் இவ்வாட்சியின்மீதே விழுந்தது. சொந்த வட்டாரத்திலேயே சமீன்தாரர்களை அண்டைவீட்டாராகக் கொண்ட ஒருவருக்கு அது எளிய பணி அன்று. கட்டாய இந்தி 1950–51 கல்வியாண்டில் விருப்பப்பாடமாக மாற்றப்பட்டதும் இவர் காலத்தில்தான்.

ஆந்திரப் பிரிவினைக் குழு

நேரு, பட்டேல், பட்டாபி சீதாராமையா ஆகியோரின் அறிக்கை, சென்னை நகர்மீதான உரிமைக்கோரிக்கையைக் கைவிட்டால் ஆந்திர மாநிலம் அமையலாம் என 1949இல் கூறியது. அதனை ஒட்டி அமைந்த பிரிவினைக் குழுவிற்குக் குமாரசாமி ராஜா தலைமை தாங்கினார். உறுப்பினர்கள் பெரும்பாலும் இணங்கியபோதும், தலைநகர் பற்றிய வினாவில் பிரகாசம் மாறுபட்ட குறிப்பை எழுதினார், முயற்சி நின்றது. 1951இல் சுவாமி சீதாராம் உண்ணாநோன்பிருந்தபோதும் தீர்வு பிறக்கவில்லை. தெலுங்கு பேசும் முதல்வர் ஒருவர் தமிழர் தரப்பின் நிலைப்பாட்டோடு சென்னை நகரைப் பற்றிய பேச்சில் அமர்ந்தமை, மொழி அடையாளம் பிறப்பைவிட வாழிடத்தாலும் அமையும் என்பதற்குச் சான்றாகக் கருதத்தக்கது.

1952

தொடர்ந்து பொய்த்த பருவமழையும் உணவுப் பங்கீட்டுக் கட்டுப்பாடும் மக்களிடையே கசப்பை வளர்த்திருந்தன. அகவை வந்தோர் அனைவருக்கும் வாக்குரிமை வழங்கப்பட்ட முதல் பொதுத்தேர்தலில், 375 இடங்களுள் காங்கிரசு 152 இடங்களையே பெற்றது. முதலமைச்சர் தம் சொந்த மண்ணான திருவில்லிபுத்தூர்த் தொகுதியில் ஒரு சுயேச்சை வேட்பாளரிடம் தோற்றார். பக்தவத்சலம், கோபால ரெட்டி, காளா வெங்கட ராவ், மாதவ மேனன் ஆகியோரும் தோல்வியுற்றனர். 1937இல் வாக்குச்சாவடிக்கு வரவியலாதிருந்தவர்கள் 1952இல் முதன்முறையாக வந்தனர். அவர்களுக்குக் குமாரசாமி ராஜா கதர்த் தொண்டராக அல்லாமல், பங்கீட்டுக் கடையின் பொறுப்பாளராகவே தோன்றியிருக்கக்கூடும். இத்தோல்வியைத் தனிமனிதத் தோல்வியாகக் காண்பதைவிட, வாக்காளர் தொகுதியே உருமாறியதன் விளைவாகக் காண்பது பொருந்தும். வி. ஜி. ராவ் வழக்கிலும் அரசுக்கு எதிரான இறுதித் தீர்ப்பு 1952 மார்ச் 31 அன்று வந்தது. பத்து நாள்கள் கழித்து இராஜாஜி முதலமைச்சரானார். அவரும் தேர்தலில் நிற்காது மேலவைக்கு நியமிக்கப்பட்டவரே.

1954 பிப்ரவரியில் குமாரசாமி ராஜா ஒரிசாவின் ஆளுநரானார். அவருக்கு முன் அப்பதவியிலிருந்த பசல் அலி, மாநிலச் சீரமைப்பு ஆணையத்தின் தலைவராகச் சென்றமையால் அவ்விடம் ஏற்பட்டது. சென்னையில் பிரிவினைக் குழுவின் தலைவராக மொழிவழி எல்லைச் சிக்கலில் உழன்றவர், அச்சிக்கலை நாடளவில் தீர்க்கச் சென்றவரின் நாற்காலியில் அமர்ந்தார். அங்கும் சரைகேலா, கர்சுவான் பகுதிகளைக் கோரிய கிளர்ச்சியை 1956 தொடக்கத்தில் அவர் காண நேர்ந்தது. உடல்நலக் குறைவால் 1956 செப்டம்பரில் பதவியிலிருந்து விலகிய அவர், 1957 மார்ச்சில் மறைந்தார். இராஜபாளையத்திலிருந்த தம் வீட்டைக் கலைவளர்ச்சிக்கென அவர் ஊர்மக்களுக்கு வழங்கியிருந்தார். அது காந்தி கலை மன்றமாயிற்று.