டாக்டர் எய்க்மேனும் அரிசித் தவிடும்



நாம் அன்றாடம் உண்ணும் சோற்றுக்குள் ஒரு பெரிய சரித்திரமே அடங்கியிருக்கிறது. அதைத் திறந்து காட்டியவர் டாக்டர் கிறிஸ்டியான் எய்க்மேன். அவர் டச்சுக்காரர், வேலை பார்த்த இடமோ நமக்குப் பக்கத்திலிருக்கும் ஜாவாத் தீவு.

1858-ஆம் ஆண்டு ஆகஸ்டு 11-ஆம் நாள் ஹாலந்து தேசத்து நெய்கெர்க் என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தை பள்ளித் தலைமையாசிரியர். இவர் அவருக்கு ஏழாவது பிள்ளை. இராணுவ மருத்துவராகப் பயின்று, 1883-இல் டாக்டர் பட்டம் பெற்று, கிழக்கே வந்தார். ஜாவாவிலும் சுமாத்திராவிலும் வேலை. மலேரியாக் காய்ச்சல் ஆளையே உருக்கிவிட்டது. 1885-இல் ஊர் திரும்பினார். மறு வருடம் மனைவியும் இறந்துபோனார். இவ்வளவு பட்டவர் இனி இந்தப் பக்கமே தலைவைக்கமாட்டார் என்றுதானே நினைப்போம்? அதே 1886-இல் மறுபடியும் ஜாவாவுக்குக் கப்பலேறினார்!

காரணம், பெரிபெரி என்ற நோய். கால் மரத்துப்போகும், நடை தள்ளாடும், உடம்பு வீங்கும், கடைசியில் இருதயம் நின்றுவிடும். ஆச்சே யுத்தத்துக்குப் போன டச்சுப் படையில் அநேகரை இந்நோய் படுக்கையில் தள்ளியது. சிறைக் கைதிகளும் செத்தார்கள். ஏதோ கிருமிதான் காரணம் என்று எல்லாரும் நம்பிய காலம் அது. எய்க்மேனும் பெர்லின் நகரில் புகழ்பெற்ற ராபர்ட் கோக்கிடம் கிருமி இயல் கற்றவர். ஆகவே அவரும் கிருமியைத்தான் தேடினார்.

பத்தாவியாவில், அதாவது இன்றைய ஜகார்த்தாவில், இராணுவ மருத்துவமனையை ஒட்டி அவருக்கு ஒரு சிறிய ஆராய்ச்சிக்கூடம். சோதனைக்குக் கோழிகள் வளர்த்தார். ஒருநாள் கோழிகள் கால் துவண்டு விழத் தொடங்கின. நோயாளியின் இரத்தம் ஏற்றிய கோழியும் விழுந்தது, ஏற்றாத கோழியும் விழுந்தது! சில மாதம் கழித்து எல்லாம் தானாகவே எழுந்து நடந்தன. வேறொருவராக இருந்தால், கோழிதானே என்று விட்டிருப்பார். இவர் விடவில்லை, கோழிகள் என்ன தின்றன என்று விசாரித்தார்.

விஷயம் இதுதான். செலவு மிச்சமாகட்டும் என்று, மருத்துவமனையில் மிஞ்சிய நல்ல வெள்ளைச் சோற்றைக் கோழிக்குப் போட்டிருக்கிறார்கள். அப்புறம் புதிதாக ஒரு சமையற்காரர் வந்தார். பட்டாளத்துச் சோறு பட்டாளத்தைச் சேராத கோழிக்கு எதற்கு என்று நிறுத்திவிட்டார். கோழிகளுக்குப் பழையபடி தீட்டாத அரிசி கிடைத்தது, பிழைத்துக்கொண்டன. அந்தச் சமையற்காரரின் கறார்த்தனத்துக்கும் இந்தச் சரித்திரத்தில் ஒரு பங்கு கொடுக்கத்தான் வேண்டும்.

எய்க்மேன் திரும்பத் திரும்பச் சோதித்தார். தீட்டிய அரிசி கொடுத்தால் நோய். நீக்கிய தவிட்டைச் சேர்த்தால் குணம். மனிதருக்கும் இது பொருந்துமா? ஃபோர்டர்மன் என்ற மருத்துவ அதிகாரி ஜாவாவில் 101 சிறைகளைக் கணக்கெடுத்தார். தீட்டிய அரிசி போட்ட சிறைகளில் 39 கைதிகளுக்கு ஒருவர் வீதம் பெரிபெரி. தீட்டாத அரிசி போட்ட இடங்களிலோ சுமார் 10,000 பேருக்கு ஒருவர்தான்!

ஆனால் காரணம் சொல்வதில் எய்க்மேன் தவறினார். அரிசி மாவில் ஏதோ நஞ்சு உண்டு, தவிடு அதை முறிக்கிறது என்று எண்ணினார். உடல்நலம் கெட்டு 1896-இல் அவர் நாடு திரும்பிய பின், அவர் இடத்தில் ஆராய்ச்சியைத் தொடர்ந்த கிரைன்ஸ் 1901-இல் சரியான விளக்கம் தந்தார். நஞ்சு ஒன்றுமில்லை, உடம்புக்கு வேண்டிய ஏதோ ஒன்று தவிட்டோடு போய்விடுகிறது. அந்த ஒன்றுதான் இன்று நாம் சொல்லும் வைட்டமின் பி1.

பத்தாவியா சென்று இதைக் கண்டுவந்த நார்வே நாட்டு ஹோல்ஸ்ட், பறவைக்குப் பதிலாகக் கினிப்பன்றிக்கு வெறும் தானியம் கொடுத்துப் பார்த்தார். பெரிபெரி வரவில்லை, ஈறு வீங்கி இரத்தம் கசியும் ஸ்கர்வி வந்தது. காய்கறியும் எலுமிச்சையும் அதைத் தடுத்தன. வைட்டமின் சி ஆராய்ச்சிக்கு 1907-இல் இப்படித்தான் வழி பிறந்தது.

நம் மலாயாவிலும் அதே 1907-இல் ஃபிரேசர், ஸ்டான்டன் என்ற இரு டாக்டர்கள் நெகிரி செம்பிலான் காட்டில் ஜாவானியத் தொழிலாளர் சுமார் 300 பேரைக் கொண்டு ஆராய்ந்தார்கள். வெள்ளை அரிசி உண்டவர்களுக்குத்தான் பெரிபெரி கண்டது. புழுங்கலரிசி உண்டவர்களுக்கு இல்லை. ஈயச் சுரங்கங்களில் சயாம் வெள்ளை அரிசி தின்ற சீனர்கள் அந்நோயால் மாண்டபோது, நம் தோட்டங்களில் அது அபூர்வம். மலேரியாவில் நம்மவர் மாண்டதற்குக் கணக்கில்லை. ஆனால் பெரிபெரியிலிருந்து நம் பாட்டன் பாட்டிகளைப் புழுங்கலரிசி காப்பாற்றியது. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டிலுள்ள சத்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. அதன்பின் குத்தித் தீட்டினாலும் முழுதும் போவதில்லை. தாய்மார்களே, இந்தச் சத்து தண்ணீரில் கரையக்கூடியது. நாலைந்து தண்ணியில் கழுவி, கஞ்சியையும் வடித்துக் கொட்டினால் அது சாக்கடைக்குத்தான் போகும்.

1926-இல் பத்தாவியாவில் அதே ஆராய்ச்சிக்கூடத்தில் யான்சன், டோனாத் என்ற இருவர் தவிட்டிலிருந்து அந்தச் சத்தைத் தனியே பிரித்தெடுத்தார்கள். அதில் கொஞ்சம் கிழவர் எய்க்மேனுக்கு அனுப்பிவைத்தார்கள். அவர் அதைப் பறவைகளுக்குக் கொடுத்துச் சோதித்து, சரிதான் என்று உறுதி செய்தார். 1929-இல் நோபல் பரிசு அறிவிக்கப்பட்டது. ஸ்டாக்ஹோம் வரை போய் வாங்க உடம்பில் தெம்பில்லை. மறு வருடம் நவம்பர் 5-ஆம் நாள் உத்ரெக்ட் நகரில் காலமானார்.