ரேந்தை பின்னக் கற்றுக்கொடுத்த எலைசா கால்டுவெல்

மெரினாவுக்குப் போகும்போது காமராஜர் சாலை ஓரமாக நிற்கும் தமிழறிஞர் சிலைகளைப் பார்த்திருப்பீர்கள். 1968-ல் உலகத் தமிழ் மாநாட்டை ஒட்டி வைக்கப்பட்டவை. அவற்றில் ஒன்று ராபர்ட் கால்டுவெல்லின் சிலை. தமிழும் அதன் சகோதர மொழிகளும் தனிக் குடும்பம் என்று இலக்கணம் எழுதி நிறுவியவர் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். அவருடைய மனைவி எலைசாவைப் பற்றி அநேகமாகப் படித்திருக்க மாட்டீர்கள். அவருக்குச் சிலை கிடையாது. ஆனால் அவர் கற்றுக்கொடுத்த கைத்தொழில் திருநெல்வேலிப் பக்கம் தலைமுறை தலைமுறையாகக் கைமாறி வந்திருக்கிறது.

ராயபுரம், திருவொற்றியூர் பக்கம் தென்மாவட்டங்களிலிருந்து வந்து குடியேறியவர்கள் நிறையப் பேர் இருக்கிறோம். நம் வீட்டுப் பாட்டிகளிடம் 'லேஸ்' என்று கேட்பதற்குப் பதிலாக 'ரேந்தை' என்று சொல்லிப் பாருங்கள். உடனே புரிந்துகொள்வார்கள். போர்த்துகீசியரின் 'ரெண்டா' என்ற சொல்தான் தமிழில் ரேந்தை ஆனது. தலையணை உறை ஓரத்திலும், குழந்தைச் சட்டைக் கழுத்திலும் அவர்கள் தைத்த அந்த வெள்ளைப் பின்னலுக்குப் பின்னால் ஒரு தாயும் மகளும் இருக்கிறார்கள்.

தாய் தொடங்கியது

எலைசாவின் தந்தை சார்லஸ் மால்ட், லண்டன் மிஷன் சங்கத்தைச் சேர்ந்தவர். தாய் மார்த்தா மால்ட். இருவரும் 1819-ன் இறுதியில் நாகர்கோவிலுக்கு வந்தார்கள். அப்போது அது திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தது. அங்கே பெண்பிள்ளைகளுக்கு ஒரு விடுதிப் பள்ளி நடந்தது. எழுத்து, படிப்போடு மார்த்தா அந்தப் பிள்ளைகளுக்கு லேஸ் பின்னவும் கற்றுக்கொடுத்தார்.

அந்தக் காலத்துத் திருவிதாங்கூரில் அடிமைமுறை சட்டப்படியே இருந்தது. 1855-ல்தான் அரசாணை போட்டு அதை ஒழித்தார்கள். பள்ளிக்கு வந்த பிள்ளைகளில் அடிமைக் குடும்பங்களில் பிறந்தவர்களும் உண்டு. லேஸ் விற்ற பணத்தைக் கொண்டு சில பெண்கள் தங்கள் விடுதலையை விலைகொடுத்து வாங்கினார்கள் என்று மிஷன் வரலாறுகள் சொல்கின்றன. இந்த வரியை ஒருமுறை நிதானமாக யோசித்துப் பாருங்கள். நமக்குப் பொழுதுபோக்காக இருக்கிற நூல் வேலை, அந்தப் பெண்ணுக்கு அவளையே அவளுக்குச் சொந்தமாக்கியது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஒடுக்கப்பட்ட சாதிப் பெண்கள் மேலாடை அணியக் கூடாது என்ற வழக்கமும் அங்கே இருந்தது. தோள்சீலைப் போராட்டம் என்று நாம் அறிந்த அந்தப் போராட்டம் 1820-களில் தொடங்கி, 1859-ல் அரசாணை வரும்வரை நீடித்தது. அடுத்தவர் கழுத்துப்பட்டிக்கு அத்தனை நுணுக்கமாக லேஸ் பின்னிய கைகள், தங்கள் தோளைத் துணியால் மூடப் போராட வேண்டியிருந்தது.

மகள் கொண்டுபோனது

எலைசா 1822-ல் பிறந்தார். தமிழ் பேச்சு சிறு வயதிலேயே காதில் விழுந்து பழகியது. கால்டுவெல்லின் கதை வேறு. அவர் 1838-ல் கப்பலில் சென்னைக்கு வந்தபோது நமக்கு இன்றைக்கு இருக்கிற துறைமுகம் கிடையாது. கப்பல்கள் கடலிலேயே நங்கூரமிடும். பயணிகள் மசூலா படகில் அலையைத் தாண்டிக் கரைசேர வேண்டும். சென்னையில் தமிழ் படித்துவிட்டு, 1841-ல் தெற்கே புறப்பட்டுத் திருநெல்வேலிச் சீமையின் இடையன்குடிக்குப் போய்ச் சேர்ந்தார். 1844-ல் அவருக்கும் எலைசாவுக்கும் திருமணம். 

திசையன்விளை பக்கம் போனவர்களுக்கு அந்த ஊரின் நிலம் தெரியும். செம்மண் தேரி, கண்ணுக்கு எட்டிய தூரம் பனைமரம். ஆண்கள் பனையேறுவார்கள். பெண்கள் பதநீரைக் காய்ச்சிக் கருப்பட்டி ஊற்றுவார்கள். பனைத் தொழிலுக்குப் பருவம் உண்டு. பருவம் முடிந்தால் வருமானமும் நின்றுவிடும்.

எலைசா இங்கே பெண்பிள்ளைகளுக்கு விடுதிப் பள்ளி நடத்தினார். தாயிடமிருந்து வந்த லேஸ் வேலையை இந்த ஊருக்கும் கொண்டுவந்தார். அதற்குப் பெரிய முதலீடு வேண்டாம். இறுக்கமாக அடைத்த ஒரு திண்டு, அதன்மேல் துளையிட்ட மாதிரி அட்டை, குண்டூசிகள், நூல் சுற்றிய சிறு மரக்கட்டைகள். கட்டைகளை ஜோடி ஜோடியாக எடுத்து, ஒன்றின்மேல் ஒன்றாக மாற்றி முறுக்கி, ஊசியில் நிறுத்திக்கொண்டே போக வேண்டும். வெயிலோ மழையோ, வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து செய்யலாம்.

நாற்பது ஆண்டுகளுக்கு மேல் எலைசா அந்தச் சீமையில் வாழ்ந்தார். ஏழு பிள்ளைகளைப் பெற்றார். கணவரின் ஒப்பிலக்கணம் 1856-ல் வெளிவந்தது. இடையன்குடிக் கோயிலைக் கட்டி முடிக்கவே முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகி, 1880-ல்தான் பிரதிஷ்டை நடந்தது. இடையில் 1876 முதல் 1878 வரை தென்னாட்டையே உலுக்கிய தாது வருஷப் பஞ்சம் வந்துபோனது. கால்டுவெல் 1877-ல் பிஷப் ஆனார். பிறகு தூத்துக்குடியில் வசித்தார். 1891-ல் கொடைக்கானலில் இறந்து, இடையன்குடியில் அடக்கம் செய்யப்பட்டார். எலைசா அதற்குப் பின் எட்டு ஆண்டுகள் வாழ்ந்து 1899-ல் மறைந்தார்.

இதில் குறை சொல்ல எதுவும் இல்லையா? இருக்கிறது. நல்ல லேஸ் பெரும்பாலும் வெள்ளைக்காரர் வீடுகளுக்குத்தான் போனது. பின்னிய பெண்களில் பெரும்பாலோரின் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை. மதம் பரப்புவது மிஷன் பள்ளிகளின் நோக்கம் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. ஆனாலும், பெண்ணின் கைவேலைக்குக் காசு உண்டு என்ற எண்ணமே இல்லாத காலத்தில், அந்தக் காசை அவள் கையில் கொண்டுவந்து சேர்த்த வேலை இது.

நம் கைக்கு வந்தது

இன்று நம் குடியிருப்பில் சிலர் டாட்டிங் பின்னுவதைப் பார்த்திருப்பீர்கள். அது திண்டும் குண்டூசியும் இல்லாத லேஸ். விரல் நீளத்துக்கு ஒரு ஷட்டில், ஒரு நூல்கண்டு போதும். ஒவ்வொரு முடிச்சும் இரண்டு பாதியாக விழும். வேண்டிய அளவு முடிச்சு போட்டு நூலை இழுத்தால் வளையம் மூடிக்கொள்ளும். முடிச்சுகளுக்கு நடுவே விடும் குட்டிக் கண்ணிதான் பிக்காட். அதில்தான் ஒரு வளையத்தை அடுத்ததோடு இணைக்கிறோம். மேலே இரண்டு வளைவு, நடுவில் ஓர் இணைப்பு, கீழே கூம்பி வரும் இரண்டு சங்கிலி. இப்படியும் ஓர் இதயம் வந்துவிடும்.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் ஒன்றை மட்டும் கவனியுங்கள். முடிச்சு, ஷட்டில் நூலில் விழக் கூடாது. கையில் சுற்றியிருக்கும் நூல்தான் ஷட்டில் நூலைச் சுற்றி முடிச்சாக மாற வேண்டும். அப்படி மாறாவிட்டால் நூல் இறுகிக்கொள்ளும், வளையம் மூடாது. முதல் நாள் எல்லோரும் அங்கேதான் மாட்டிக்கொள்வார்கள். சோர்ந்துவிடாதீர்கள்.

எலைசாவின் வாழ்க்கையிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள இரண்டு விஷயங்கள் இருக்கின்றன. கையால் பின்னிய லேஸை வாங்கும்போது, மெஷின் லேஸின் விலையோடு ஒப்பிட்டுப் பேரம் பேசாதீர்கள். நீங்கள் கொடுப்பது ஒருவருடைய மணிக்கணக்கான நேரத்துக்கு விலை. அடுத்தது, உங்கள் வீட்டுப் பெண்ணோ பக்கத்து வீட்டு அக்காவோ பின்னிக்கொடுத்தால், 'சும்மா பொழுதுபோக்குக்குத்தானே' என்று சொல்லாமல் உரிய காசைக் கொடுங்கள். யார் பின்னியது என்று பெயரையும் சொல்லுங்கள்.

விடுமுறைக்குத் திருநெல்வேலி போகிறவர்கள் இடையன்குடிக்கும் ஒரு நடை போய்விட்டு வாருங்கள். கால்டுவெல் வாழ்ந்த வீடு நினைவில்லமாக இருக்கிறது, அவர் கட்டிய கோயிலும் இருக்கிறது. இரண்டையும் பார்த்துவிட்டு, ஊருக்குள் யாராவது இன்னும் ரேந்தை பின்னுகிறார்களா என்று விசாரியுங்கள். பின்னுகிறவர் கிடைத்தால், ஒரு துண்டாவது அவரிடமே வாங்கி வாருங்கள்.