ஏட்டில் எழுதாத விதி

வேதியியல் வகுப்பில் சார்லஸ் விதியைப் பயிலாத மாணவர் இலர். ஆயின் அவ்விதியைச் சார்லஸ் ஒருபோதும் நூலாகவோ கட்டுரையாகவோ வெளியிட்டாரில்லை என்பதை அறிந்தோர் சிலரே.

ஜாக் சார்லஸ் 1746 நவம்பர் 12 அன்று பிரான்சு நாட்டின் போழான்சி என்னும் ஊரில் பிறந்தார். இளமையில் பாரிசில் நிதித்துறை எழுத்தராகப் பணியாற்றிய அவர், பின்னர் இயற்பியலில் நாட்டங்கொண்டு, பொதுமக்கள் முன் சோதனைகளைச் செய்து காட்டும் சொற்பொழிவாளராகப் புகழ் எய்தினார்.

1783இல் மோங்கோல்பியர் உடன்பிறந்தார் வெப்பக் காற்றால் பலூனைப் பறக்கவிட்டனர். சார்லஸோ காற்றினும் மிக இலேசான ஹைட்ரஜனைத் தேர்ந்தார். அவ்வாண்டு டிசம்பர் 1 அன்று, நிக்கோலா ராபர்ட் என்பாருடன் பாரிசிலிருந்து வானேறினார். அன்றே தனியாக மீண்டும் எழுந்து ஏறத்தாழ 3,000 மீட்டர் உயரம் எட்டினார். அதன்பின் அவர் பறக்கவேயில்லை.

1787ஆம் ஆண்டளவில் அவர் காற்று, ஆக்சிஜன், நைட்ரஜன், ஹைட்ரஜன், கார்பன் டை ஆக்சைடு ஆகியவற்றைச் சூடாக்கி ஆராய்ந்தார். வெவ்வேறு இயல்புடைய இவ்வைந்தும் ஒரே அளவு வெப்பநிலை உயர்வுக்கு ஒரே அளவில் விரிவடையக் கண்டார். எனினும் முடிவுகளை வெளியிடாது விட்டுவிட்டார்.

ஏறத்தாழப் பதினைந்து ஆண்டுகள் உருண்டோடின. 1802இல் கே-லூசாக் என்னும் 23 வயது இளைஞர், தாமே தனித்து நுட்பமாக ஆராய்ந்து அதே உண்மையை வெளியிட்டார். நீரில் எளிதிற் கரையும் வாயுக்கள் வேறு அளவில் விரியும் என்ற சார்லஸின் கருத்தைத் திருத்தி, அவையும் அவ்வாறே விரிகின்றன எனவும் நிறுவினார். அச்சில் ஏறாத முன்னோடியின் பெயரை அவர் கூறாது விட்டிருந்தால் கேட்பாரில்லை. ஆனால் அக்கட்டுரையிலேயே சார்லஸின் சோதனையை எடுத்துரைத்து, உரிய பெருமையை அவருக்கு அளித்தார்.

அழுத்தம் மாறாதிருக்க, குறிப்பிட்ட நிறையுள்ள வாயு, ஒவ்வொரு செல்சியஸ் பாகை உயர்வுக்கும், 0 பாகையில் தனக்குள்ள பருமனில் ஏறத்தாழ 273இல் ஒரு பங்கு விரியும். 0 பாகையில் 273 மில்லிலிட்டர் உள்ள வாயு, 100 பாகையில் 373 மில்லிலிட்டராகும். இதுவே அவ்விதி.

சார்லஸ் 1823 ஏப்ரல் 7 அன்று பாரிசில் மறைந்தார். அவர் பெயர் விதியில் நிலைத்தது, அவர் எழுதியதால் அன்று; பிறிதோர் அறிஞரின் நேர்மையால். ஆய்வு செய்யும் மாணவர் கண்டதை உடனே ஏட்டில் பதிக்கவும், பிறர் கண்டதைப் பிறர் பெயராலேயே உரைக்கவும் இவ்விருவர் வாழ்வும் கற்பிக்கின்றன.