நாட்டுக்குப் பெயர் சூட்டியவர் சிறையில் மாண்டார்

1965-ம் ஆண்டு பிப்ரவரி 4-ந் தேதி. மேற்கு ஆப்பிரிக்காவில் உள்ள கானா நாட்டின் நசவாம் சிறைச்சாலை. அங்கே ஒரு முதியவர் மாரடைப்பால் உயிர் துறந்தார். அவருக்கு வயது 69.

அவர் கொலைகாரர் அல்ல, கொள்ளைக்காரரும் அல்ல. நாட்டின் விடுதலைக்கு முன்னணியில் நின்று பாடுபட்டவர். அந்த நாட்டுக்குக் கானா என்ற பெயர் வரக் காரணமாக இருந்தவர். எந்தக் கோர்ட்டும் அவரை விசாரிக்கவில்லை. எந்த நீதிபதியும் அவருக்குத் தண்டனை விதிக்கவில்லை.

அவரைச் சிறையில் வைத்தது யார்? வெள்ளைக்காரர் அல்ல. அவரும் அவருடைய நண்பர்களும் கப்பல் செலவு கொடுத்துச் சீமையில் இருந்து வரவழைத்த குவாமே நிக்ருமா!

சிறையில் மாண்ட அந்த முதியவரின் பெயர் டாக்டர் ஜோசப் போவாக்கி டாங்குவா.

முரசு அடித்தவரின் மகன்

அப்போது அந்த நாட்டுக்குக் கோல்டு கோஸ்ட், அதாவது தங்கக் கடற்கரை என்று பெயர். பிரிட்டிஷாரின் ஆட்சி நடந்தது. அங்கே பெப்பாங் என்ற ஊரில் 1895-ம் ஆண்டு டிசம்பர் மாதம் டாங்குவா பிறந்தார்.

அவருடைய தந்தை அரண்மனையில் தலைமை முரசு அடிப்பவராக இருந்தவர். பிறகு கிறிஸ்தவராகி, பாதிரிமாருடன் சேர்ந்து மதப் பிரசாரம் செய்தார். டாங்குவாவின் மாற்றாந்தாய் வழி அண்ணன் ஸர் ஓபோரி ஆட்டா, அக்கிம் அபுவாக்வா ராஜ்யத்தின் மன்னர். ஆகவே அரண்மனை, மாதா கோவில் இரண்டின் பழக்கமும் டாங்குவாவுக்கு இளமையிலேயே கிடைத்தது.

பள்ளிப் படிப்பு முடிந்ததும் அவர் வக்கீல் குமாஸ்தா ஆனார். பிறகு கோர்ட்டில் குமாஸ்தா வேலை. அண்ணன் அவரைத் தம்முடைய காரியதரிசியாக வைத்துக்கொண்டார். தம்பியின் கூர்மையான அறிவைக் கண்டு, 1921-ல் லண்டனுக்குப் படிக்க அனுப்பினார்.

லண்டன் சர்வகலாசாலையின் நுழைவுப் பரீட்சையில் டாங்குவா இரண்டு தடவை தோற்றார். மனம் தளரவில்லை. மூன்றாவது தடவை தேறினார். தத்துவம் படித்துப் பட்டம் பெற்றதோடு உபகாரச் சம்பளமும் பெற்றார். 1926-ல் பாரிஸ்டர் ஆனார். மறு வருஷமே தத்துவத்தில் டாக்டர் பட்டமும் வாங்கினார். இரண்டு தடவை தோற்றவர், இரட்டைப் படிப்புடன் தாயகம் திரும்பினார்.

பேனாவும் வாதமும்

ஊர் திரும்பியவர் வக்கீல் தொழிலை மட்டும் பார்த்துக்கொண்டு இருக்கவில்லை. 1931-ல் ஒரு தினசரிப் பத்திரிகை தொடங்கினார். அதில் பெண்களுக்கு என்று ஒரு பகுதி வந்தது. அதைப் புனைபெயரில் எழுதிய மேபல் டவ் என்ற பெண்மணியைப் பின்னர் மணந்தார்.

1934-ல் பிரிட்டிஷ் சர்க்கார் ராஜத் துரோகச் சட்டத்தைக் கடுமையாக்கியது. குடிநீருக்கு வரி போடும் யோசனையும் வந்தது. இவற்றை எதிர்த்து முறையிட ஒரு தூதுக்குழு லண்டன் சென்றது. அதன் காரியதரிசி டாங்குவா. காரியம் பலிக்கவில்லை. மற்றவர்கள் திரும்பிவிட்டார்கள். டாங்குவா மட்டும் 1936 வரை லண்டனில் தங்கி, பிரிட்டிஷ் மியூசியத்தில் பழைய ஏடுகளைப் புரட்டிக்கொண்டு இருந்தார்.

அவர் அங்கே தேடியது என்ன? தம் மக்களின் பூர்வீகம்! பல நூற்றாண்டுகளுக்கு முன், சகாரா பாலைவனத்தின் தென் ஓரத்தில் கானா என்ற பேரரசு இருந்தது. பொன் வியாபாரத்தால் புகழ் பெற்ற அரசு அது. தம் மக்கள் அந்த வழியில் வந்தவர்கள் என்று டாங்குவா நம்பினார். சரித்திர ஆசிரியர்கள் எல்லோரும் இதை ஏற்கவில்லை. ஆனால் வெள்ளைக்காரன் வைத்த பெயரை உதறிவிட்டுச் சொந்தப் பெயரோடு எழ வேண்டும் என்ற எண்ணம் மக்கள் மனதில் ஊன்றிவிட்டது.

கல்விக்கும் அவர் போராடினார். மேற்கு ஆப்பிரிக்காவின் பிரிட்டிஷ் காலனிகளுக்கு நைஜீரியாவில் உள்ள இபாதான் நகரில் ஒரே சர்வகலாசாலைக் கல்லூரி போதும் என்று லண்டன் நினைத்தது. டாங்குவா அதை ஒப்புக்கொள்ளவில்லை. கோக்கோ பயிரிடும் விவசாயிகளின் ஆதரவைத் திரட்டினார். 1948-ல் தங்கக் கடற்கரைக்கும் தனியாகக் கல்லூரி கிடைத்தது. அதுவே பின்னர் கானா பல்கலைக்கழகம் ஆயிற்று.

வந்தார் நிக்ருமா

1947-ம் ஆண்டு ஆகஸ்டு 4-ந் தேதி, சால்ட்பாண்ட் என்ற கடற்கரை ஊரில் ஒரு புதிய கட்சி உதயமாயிற்று. மர வியாபாரி ஜார்ஜ் கிராண்டு தலைவர். டாங்குவா அதன் மூளை. சுயாட்சிதான் குறிக்கோள்.

தலைவர்களில் பலர் வக்கீல்கள், தொழில் செய்பவர்கள். முழு நேரமும் கட்சி வேலை பார்க்க ஓர் ஆள் தேவைப்பட்டது. லண்டனில் இருந்த நிக்ருமாவின் பெயரை ஆக்கோ அஜெய் என்ற வக்கீல் சொன்னார். பதவியை ஏற்கும்படி டாங்குவா கடிதம் எழுதினார். கிராண்டு 100 பவுன் அனுப்பினார். டிசம்பரில் நிக்ருமா வந்து சேர்ந்தார்.

இரண்டே மாதத்தில் நாடு தீப்பற்றியது. 1948 பிப்ரவரி 28-ந் தேதி, உலகப் போரில் சண்டையிட்டுத் திரும்பிய சிப்பாய்கள் கவர்னரிடம் மனுக் கொடுக்கத் தலைநகர் அக்ராவில் ஊர்வலமாகச் சென்றார்கள். போலீஸ் சுட்டது. மூன்று பேர் மாண்டார்கள். கலவரம் மூண்டு பல ஊர்களுக்குப் பரவியது. மொத்தம் 29 பேர் பலியானார்கள்.

டாங்குவா லண்டனுக்குத் தந்தி அடித்தார். கவர்னரின் ஆட்சி நிலைகுலைந்துவிட்டது, பொறுப்பை ஏற்கத் தயார் என்பது அதன் சாரம். சர்க்கார் ஆறு தலைவர்களைப் பிடித்து, விசாரணை இன்றியே அடைத்து வைத்தது. டாங்குவா, நிக்ருமா இருவரும் அந்த அறுவரில் அடக்கம். சுமார் ஒரு மாதம் கழித்து விட்டுவிட்டார்கள்.

வெளியே வந்தபோது அவர்களிடையே ஒற்றுமை இல்லை. டாங்குவா சட்டப்படி, படிப்படியாகச் செல்ல விரும்பினார். நிக்ருமாவோ, உடனே சுயாட்சி வேண்டும் என்றார். 1949 ஜூன் 12-ந் தேதி அவர் தனிக் கட்சி கண்டார். இளைஞர்களும், தொழிலாளர்களும், மார்க்கெட்டில் கடை வைத்திருந்த பெண்களும் அவர் பக்கம் திரண்டார்கள்.

டாங்குவாவின் குறை இங்கேதான் இருந்தது. அவர் படித்தவர்களிடமும் மன்னர்களிடமும் செல்வாக்குப் பெற்றிருந்தார். பாமர மக்களின் நெஞ்சைத் தொடும் வித்தை நிக்ருமாவுக்குத்தான் தெரிந்திருந்தது. 1951 தேர்தலில் 38 இடங்களில் 34-ஐ நிக்ருமாவின் கட்சி பிடித்தது. சிறையில் இருந்த நிக்ருமா நேராக ஆட்சிப் பொறுப்புக்கு வந்தார். டாங்குவா அந்தத் தடவை ஜெயித்தார். ஆனால் 1954-ல் சொந்த அண்ணன் மகனிடமே தோற்றார். 1956-லும் தோல்விதான்.

1957 மார்ச் 6-ந் தேதி நாடு சுதந்திரம் அடைந்தது. அதற்குக் கானா என்று பெயர் சூட்டப்பட்டது. பெயர் டாங்குவாவின் பெயர். பதவி நிக்ருமாவின் பதவி.

கோர்ட்டில் நடந்த போர்

மறு வருஷமே தடுப்புக் காவல் சட்டம் வந்தது. சர்க்கார் ஆபத்தானவர் என்று கருதும் ஒருவரை, விசாரணையே இல்லாமல் ஐந்து ஆண்டு வரை அடைத்து வைக்கலாம். இந்தியாவிலும் இப்படி ஒரு சட்டம் இருக்கிறதே என்று ஆளும் கட்சியினர் காரணம் காட்டினார்கள்.

1960-ல் நடந்த ஜனாதிபதி தேர்தலில் டாங்குவா துணிந்து நிக்ருமாவை எதிர்த்து நின்றார். நிக்ருமாவுக்கு 10 லட்சத்து 16 ஆயிரத்து 76 ஓட்டுகள். டாங்குவாவுக்கு ஒரு லட்சத்து 24 ஆயிரத்து 623 ஓட்டுகள்.

ஓட்டுப் பெட்டி கைவிட்டாலும் சட்டப் புத்தகம் கைவிடாது என்று அவர் நம்பினார். காவலில் கிடந்த அக்கோட்டோ முதலியவர்களுக்காக சுப்ரீம் கோர்ட்டில் வாதாடினார். பதவி ஏற்கும்போது ஜனாதிபதி குடிமக்களின் சுதந்திரத்துக்கு உறுதி கூறுகிறார். அதற்கு விரோதமான சட்டம் செல்லாது என்பது அவர் வாதம். அந்த உறுதிமொழி ஜனாதிபதியின் மனச்சாட்சியை மட்டுமே கட்டுப்படுத்தும், சட்டத்தை அல்ல என்று 1961 ஆகஸ்டு 28-ந் தேதி தீர்ப்பு வந்தது.

சரியாக 36-வது நாள். அக்டோபர் 3-ந் தேதி, எந்தச் சட்டத்தை எதிர்த்து வாதாடினாரோ, அதே சட்டத்தின்படி டாங்குவா கைதானார்! 1962 ஜூனில் விடுதலை ஆனதும், வக்கீல்கள் அவரைத் தங்கள் சங்கத்தின் தலைவராகத் தேர்ந்தெடுத்தார்கள்.

கடைசிச் சிறை

நிக்ருமாவின் அச்சத்துக்கும் காரணம் இல்லாமல் இல்லை. 1962-ல் அவர் மீது வெடிகுண்டு வீசப்பட்டது. 1964 ஜனவரி 2-ந் தேதி அவருடைய மாளிகையிலேயே ஒரு போலீஸ்காரர் அவரைச் சுட்டார். மெய்க்காவலர் ஒருவர் மாண்டார், நிக்ருமா தப்பினார். ஆறு நாளில் டாங்குவா மறுபடியும் கைது செய்யப்பட்டார். சதியில் பங்கு என்றால் கோர்ட்டில் நிறுத்தி இருக்கலாமே? நிறுத்தவில்லை.

முதுமையும் நோயும் வாட்டிய நிலையில், சிறிய அறையில் அவர் அடைபட்டுக் கிடந்தார். விடுதலை செய்யும்படி நிக்ருமாவுக்குக் கடிதம் எழுதினார். பலன் இல்லை. 393 நாள் கழித்து, சாவுதான் அவரை விடுவித்தது.

அடுத்த ஆண்டே காட்சி மாறியது. 1966 பிப்ரவரி 24-ந் தேதி, நிக்ருமா வெளிநாடு சென்றிருந்த சமயத்தில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. தடுப்புக் காவல் கைதிகள் விடுதலை ஆனார்கள். டாங்குவாவுக்குத் தேசிய மரியாதை கிடைத்தது. தாயகம் திரும்ப முடியாத நிக்ருமா, 1972-ல் ருமேனியாவில் கண் மூடினார்.

2007-ல் வெளியான கானா நாட்டு நோட்டுகளில் அந்த ஆறு தலைவர்களின் முகங்களும் அச்சாயின. சிறையில் வைத்தவரும் சிறையில் மாண்டவரும் ஒரே தாளில் அருகருகே இருக்கிறார்கள்.

அதைவிடப் பெரிய நினைவுச் சின்னம் ஒன்று உண்டு. கைதானவரை 48 மணி நேரத்துக்குள் விடுவிக்க வேண்டும். இல்லாவிட்டால் கோர்ட்டில் நிறுத்த வேண்டும் என்று 1992-ல் இயற்றப்பட்ட கானா அரசியல் சட்டம் கூறுகிறது. டாங்குவா 393 நாள் காத்திருந்தும் கிடைக்காத நீதி அது.