ராபர்ட் பிளாஹர்ட்டி

உலகில் உள்ளதை உள்ளவாறே காட்டும் படங்களுக்கு மேனாட்டார் டாக்குமெண்டரி என்று பெயரிட்டனர். நம்மவர் அவற்றை விவரணப் படம் என்றும் ஆவணப் படம் என்றும் வழங்குவர். அவ்வகைப் படங்களுக்குத் தந்தையெனப் பலரும் போற்றும் பெரியார் ராபர்ட் ஜோசப் பிளாஹர்ட்டி என்பவர். உள்ளதை உள்ளவாறே காட்டும் கலைக்குத் தந்தையானவரே, தாம் காட்டியவற்றுட் பலவற்றைத் தாமே நிகழச் செய்தவருமாவார். இவர் சரிதத்தைப் படிப்போர் இவ்விடத்தில் சற்றே நின்று சிந்தித்தல் வேண்டும்.

இவர் 1884ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் 16ஆம் நாள், அமெரிக்காவில் மிச்சிகன் மாகாணத்தைச் சார்ந்த அயர்ன் மவுண்டன் என்னும் சுரங்க ஊரிற் பிறந்தார். தந்தையார் கனிப்பொருள் தேடி அலையுந் தொழிலினர். மைந்தரும் இளமையிலேயே அவருடன் காடும் பனிவெளியும் திரிந்தார். சுரங்கக் கல்லூரியொன்றிற் சேர்ந்து சில திங்களே பயின்றார்; கல்லூரியார் இவரை வைத்துக்கொள்ள விரும்பவில்லை. பிற்காலத்தில் தம் மனைவியும் உற்ற துணைவருமாகிய பிரான்சிஸ் அம்மையாரை இவர் முதன்முதற் சந்தித்தது அக்காலத்தேதான். ஆகவே கல்லூரி வாசம் முற்றும் வீணாயிற்றென்று நாம் சொல்லோம்.

1910ஆம் ஆண்டில் கானடா தேசத்து இருப்புப்பாதை முதலாளியாகிய ஸர் வில்லியம் மெக்கன்ஸி, இரும்புக் கனி உண்டா என்று பார்த்து வருமாறு இவரை ஹட்ஸன் விரிகுடாவுக்கு அனுப்பினார். 1913இல் மீண்டும் புறப்பட்டபோது, படக்கருவியொன்றையும் கொண்டு செல்லுமாறு அவரே யோசனை கூறினார். மூன்று வாரமே அத்தொழிலைக் கற்ற பிளாஹர்ட்டி, எஸ்கிமோவர் என்று அக்காலத்தார் அழைத்த இனுயிட் மக்களின் வாழ்க்கையைப் படமாக்கித் திரும்பினார். 1916இல் டொரண்டோ நகரில் இவர் கையிலிருந்த சிகரெட்டின் நெருப்பு விழுந்து, ஏறக்குறைய 30,000 அடிப் படச்சுருள் எரிந்து சாம்பலாயிற்று. பார்வைக்காக எடுத்த பிரதியொன்று மட்டும் தப்பியது. அதனைத் திரும்பத் திரும்பப் பார்த்த இவர், அது வெறுங் காட்சிக் கோவையேயன்றி உயிருள்ள படமன்று என்று கண்டார். நாடு முழுவதையும் காட்ட முயல்வதினும் ஒரு குடும்பத்தைக் காட்டுவதே தக்கதென்னும் எண்ணம் இவ்வாறு பிறந்தது.

நான்காண்டுகள் சென்றபின் ரெவில்லான் என்னும் பிரெஞ்சுத் தோல் வாணிகர் பொருளுதவி செய்ய, 1920இல் கியூபெக்கின் வடபகுதியிலுள்ள இனுக்ஜுவாக்கிற்குச் சென்று ஓராண்டு தங்கினார். அவ்வோராண்டு உழைப்பை எண்ணினால் வியப்பு மேலிடுகிறது. குளிரில் எண்ணெய் உறைந்துவிடுமாதலால் கிராபைட்டுத் தூளால் இயங்கும் கருவிகளைக் கொண்டு சென்றார். எடுத்த படத்தை ஆங்கேயே கழுவினார். அதற்கு வேண்டிய நீரைப் பனிக்கட்டியைக் குடைந்தெடுத்துச் சறுக்கு வண்டியிற் கொணர்ந்தனர். விளக்கொளி நிலையாக நில்லாமையால், சாளரத்தின் வழியே சிறு துளையளவு பகலொளியை விட்டு, மெல்லிய துணித் துண்டுகளை இட்டும் எடுத்தும் ஒளியை அளந்து பிரதி செய்தார். ஒவ்வொரு பகுதியையும் அம்மக்களுக்கே காட்டினார். அவர்களும் இஃது எமது படம் என்று முனைந்து உழைத்தனர்.

இனி, அப்படத்தின் மறுபக்கத்தையும் காண்போம். நானூக் என்று பெயரிடப்பட்ட வேடனின் உண்மைப் பெயர் அல்லாக்கரியல்லாக். படத்தில் மனைவியராக வருவோர் அவன் மனைவியரல்லர். பனிக்கட்டி வீட்டினுள்ளே கருவிக்கு இடமும் ஒளியும் போதாமையால், பெரியதொரு வீட்டைக் கட்டிப் பாதியை வெட்டித் திறந்து வைத்தே உறங்குங் காட்சியை எடுத்தார். துப்பாக்கி அந்நாட்டிற் புகுந்து பலகாலம் ஆகியிருந்தும், பழைய எறியீட்டியாலேயே வேட்டையாடச் செய்தார். வால்ரஸ் என்னும் தந்தமுடைய பெருங்கடல் விலங்கு ஈட்டியுடன் வேடரையும் கடலுக்குள் இழுத்தபோது, சுடுமாறு அவர்கள் கூவி அழைத்தனர். இவர் கேளாதவர் போலக் கருவியின் கைப்பிடியைச் சுழற்றிக்கொண்டே இருந்தார். அதனைத் துணிவு என்பதா, கொடுமை என்பதா? நமக்கு அது பின்னதாகவே தோன்றுகிறது. எனினும் அப்பனியும் காற்றும் உழைப்பும் பொய்யல்ல. துப்பாக்கியை மறைத்தவர் அவற்றைச் செயற்கையாற் படைக்கவில்லை.

1922ஆம் ஆண்டு ஜூன் மாதம் நியூயார்க்கில் அப்படம் வெளியாகிப் பெரும்புகழ் பெற்றது. அதன்பின் ஸமோவாத் தீவில் இவர் எடுத்த மோவானா என்னும் படத்தைக் குறித்து 1926இல் மதிப்புரை வரைந்த ஜான் கிரியர்ஸன் என்னும் ஸ்காத்லாந்தியரே டாக்குமெண்டரி என்னுஞ் சொல்லை இத்துறையில் முதலில் வழங்கினார். அயர்லாந்தின் மேல்கடலிலுள்ள ஆரன் தீவில் எடுத்த படம் 1934இல் வெளியாயிற்று. அங்கும் பழைய வழக்கமே. மறைந்தொழிந்த சுறா வேட்டையைத் தீவினருக்குப் புதிதாகக் கற்பித்துப் படம் பிடித்தார்.

நம் நாட்டுடனும் இவருக்குத் தொடர்புண்டு. கிப்ளிங் எழுதிய யானைப்பாகன் மகன் கதையைப் படமாக்க, அலெக்ஸாண்டர் கோர்டாவின் சார்பில் 1935இல் மைசூருக்கு வந்தார். மகாராஜாவின் யானைக் கொட்டாரத்திலிருந்த ஸாபு என்னுஞ் சிறுவன் அப்படத்தின் தலைவனாகத் தெரிந்தெடுக்கப்பட்டான். தாய் தந்தையரை இழந்த அப்பாகன் மகன் பின்னர் உலகறிந்த நடிகனாயினான். ஆனால் பிளாஹர்ட்டியோ காடும் யானையும் கண்டு களித்து நாளைக் கழித்தார். செலவு பெருகுவது கண்ட கோர்டா தம் தமையனார் அல்ல, தம்பியாகிய ஸோல்டானைக் கொண்டு இங்கிலாந்திற் கூடங்கட்டிப் பல காட்சிகளை எடுப்பித்தார். 1937இல் வெளிவந்த படத்தில் எது யாருடையதென்று எளிதிற் பிரித்தறியலாம். யானைகள் வருமிடம் பிளாஹர்ட்டியினுடையது.

எண்ணெய்க் கம்பெனியொன்றின் பொருளால் லூயிசியானா சதுப்பு நிலத்தில் எடுத்து 1948இல் வெளியிட்ட படமே இவரது இறுதிப் பெரும்படைப்பு. 1951ஆம் ஆண்டு ஜூலை மாதம் 23ஆம் நாள் வெர்மாண்ட் மாகாணத்தில் காலமானார். 1955 முதல் பிரான்சிஸ் அம்மையார் இவர் பெயராற் படக்கலை ஆராய்வோரைக் கூட்டி ஆண்டுதோறும் கருத்தரங்கு நடத்தலானார்.

அதே 1955இல் வேறொன்றும் நிகழ்ந்தது. பிளாஹர்ட்டி வடபுலத்தை விட்டு நீங்கியபின், அங்கு இனுயிட் மாதொருத்தியிடம் இவருக்கு ஓர் ஆண்மகவு பிறந்திருந்தது. அம்மகனைத் தந்தை ஒருநாளும் கண்டதில்லை. தம் மகனென்று ஏற்றதுமில்லை. இனுக்ஜுவாக்கு மக்கள் பிறர் உதவியை நாடாது முன்னோர்போல் வேட்டையால் வாழவேண்டுமென்று கருதிய கானடா அரசாங்கத்தார், அவர்களுட் சில குடும்பங்களை ஏறக்குறைய 2,000 கிலோமீட்டர் வடக்கேயுள்ள எல்ஸ்மியர் முதலிய தீவுகளிற் கொண்டுபோய்க் குடியேற்றினர். மாதக்கணக்காகச் சூரியனே தோன்றாத அவ்விடத்திற்கு 1955இற் சென்றோருள் பிளாஹர்ட்டியின் மகனும் அவர்தம் மனைவி மக்களும் இருந்தனர். அக்குடியேற்றத்திற்காகக் கானடா அரசாங்கம் 2010ஆம் ஆண்டில் மன்னிப்புக் கோரியது.