மூன்று முறை கணிதத்தில் தோற்றவர் செய்த கார்

வீட்டுப் பெரியவர்களிடம் மொரிஸ் மைனர் கார் என்று சொல்லிப் பாருங்கள். பலருக்கு முகம் மலரும். வட்டமான முகப்பு, உருண்ட பானெட், குடும்பமே ஏறி அமரக்கூடிய சின்னஞ்சிறு கார். பிரிட்டனில் பிறந்த அந்தக் கார் இலங்கையில் பல குடும்பங்களின் முதல் காராக இருந்தது. டாக்ஸியாகவும் ஓடியது. பாதுகாத்து வைத்திருப்பவர்கள் இன்றும் அதை வீதியில் ஓட்டுகிறார்கள்.

அந்தக் காரையும், அதன்பின் உலகப் புகழ்பெற்ற மினி காரையும் உருவாக்கியவர் ஒருவரே. அவர் பெயர் அலெக் இசிகோனிஸ். இங்கிலாந்தின் பெருமை என்று போற்றப்பட்ட இந்தப் பொறியாளர் பிறந்தது இங்கிலாந்தில் அல்ல, உஸ்மானியப் பேரரசின் துறைமுக நகரமான ஸ்மிர்னாவில். இன்று துருக்கியின் இஸ்மிர் நகரம் அதுதான்.

ஊரை இழந்த குடும்பம்

1906 நவம்பர் 18 அன்று அவர் பிறந்தார். தந்தை கான்ஸ்டன்டைன் கிரேக்க வம்சாவளியைச் சேர்ந்தவர், ஆனால் பிரிட்டிஷ் குடியுரிமை பெற்றவர். தாயார் ஹுல்டா ஜெர்மானிய வம்சாவளியினர். பாட்டனார் காலத்திலிருந்தே குடும்பத்துக்குச் சொந்தமாக ஒரு பொறியியல் பட்டறை இருந்தது. கப்பல் எஞ்சின்களைச் செப்பனிடும் அந்தப் பட்டறையில், இரும்பின் ஓசைக்கு நடுவே சிறுவன் வளர்ந்தான்.

முதல் உலகப் போர் முடிந்ததும் ஸ்மிர்னா அமைதி இழந்தது. 1919-ல் கிரேக்கப் படை நகரில் இறங்கியது. 1922 செப்டம்பரில் துருக்கியப் படை நகரை மீட்டது. சில நாட்களில் மூண்ட பெருந்தீயில் நகரின் பெரும்பகுதி அழிந்தது. பல இனத்தவரும் ஒன்றாய் வாழ்ந்த ஊர் சிதறிப்போனது. பிரிட்டிஷ் குடிமக்கள் என்பதால் இசிகோனிஸ் குடும்பத்தைக் கடற்படைக் கப்பல் மால்டா தீவுக்குக் கொண்டுசென்றது. வீடு, பட்டறை, சேமிப்பு எல்லாம் பின்னால் நின்றுவிட்டன.

நோயுற்றிருந்த தந்தை மீளவில்லை. 1923-ல் விதவைத் தாயாரும் பதின்ம வயது மகனும் இங்கிலாந்து வந்து சேர்ந்தார்கள். அந்தத் தாயாருக்கு மகனைத் தவிர வேறு துணை இல்லை. மகனும் தாயாரைப் பிரிந்ததில்லை. அவர் திருமணமே செய்துகொள்ளவில்லை. தாயார் 1972-ல் மறையும்வரை இருவரும் ஒரே வீட்டில்தான் வாழ்ந்தார்கள்.

தேர்வில் தோல்வி

லண்டனில் பாட்டர்சீ பாலிடெக்னிக்கில் பொறியியல் படிக்கச் சேர்ந்தார். வரைபடத்தில் கெட்டிக்காரர். கணிதத்திலோ மூன்று முறை தேர்வு எழுதி மூன்று முறையும் தேறவில்லை. பட்டம் பெறும் வாய்ப்பு போனது. டிப்ளமாவோடு வெளியே வந்தார்.

இன்று நம் வீடுகளில் இப்படி ஒரு பிள்ளை இருந்தால் என்ன சொல்வோம்? இவனுக்குப் பொறியியல் ஒத்துவராது, வேறு வேலை பார்க்கட்டும் என்போம். ஹுல்டா அம்மையார் அப்படிச் சொல்லவில்லை. மகன் தனக்குத் தெரிந்த வழியில் முன்னேறினார். அந்த வழி பென்சில். மனத்தில் தோன்றியதை அளவுகோல் இல்லாமல் கையாலேயே வரைந்துவிடுவார். பின்னாளில் அவர் வரைந்த சிறு தாளை வைத்துக்கொண்டே தொழிலாளர்கள் உதிரி பாகம் செய்யும் அளவுக்கு அது தெளிவாக இருந்தது.

1934-ல் ஹம்பர் நிறுவனத்தில் வரைவாளர் ஆனார். 1936-ல் ஆக்ஸ்ஃபோர்டு அருகே கௌலியில் இருந்த மொரிஸ் மோட்டார்ஸுக்கு மாறினார். ஓய்வு நேரங்களில் ஜார்ஜ் டௌசன் என்ற நண்பரோடு சேர்ந்து, பெரிய இயந்திரங்கள் எதுவுமின்றி, கையாலேயே ஒரு பந்தயக் காரைச் செய்தார். பல ஆண்டுகள் பிடித்த வேலை. எடை குறைந்த அந்தக் காரில் எஃகு ஸ்பிரிங்குகளுக்குப் பதில் ரப்பரைப் பயன்படுத்தினார். அந்த அனுபவம் இருபது ஆண்டுகளுக்குப் பிறகு கைகொடுத்தது.

மொரிஸ் மைனர்

இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்தபோதே, போருக்குப் பின் சாதாரணக் குடும்பங்களுக்கு ஒரு கார் வேண்டும் என்று நிறுவனம் எண்ணியது. பொறுப்பு இசிகோனிஸிடம் வந்தது. அக்காலத்தில் சிறிய கார் என்றால் பெரிய காரைச் சுருக்கியது போல இருக்கும். ஏழைக்கு இது போதும் என்ற மனப்பான்மை அதில் தெரியும். இசிகோனிஸ் அதை ஏற்கவில்லை. பெரிய காரில் கிடைக்கும் சௌகரியமும் பாதுகாப்பான ஓட்டமும் சின்னக் காரிலும் கிடைக்கவேண்டும் என்பதில் உறுதியாக இருந்தார்.

எஞ்சினை முன்பக்கமாகத் தள்ளி வைத்தார். பயணிகளுக்கு இடம் கூடியது, வளைவுகளில் கார் நிலையாகவும் நின்றது. சக்கரங்களைச் சிறிதாக்கினார். ஸ்டீயரிங் துல்லியமாகத் திரும்பும் அமைப்பைக் கொடுத்தார். தனிச் சட்டத்தின்மேல் உடலைப் பொருத்தும் பழைய முறையை விட்டு, உடலே சட்டமாகவும் விளங்கும் முறையைக் கையாண்டார்.

எல்லாம் முடிந்து தயாரிப்புக்குப் போகும் வேளையில், கார் குறுகலாக இருப்பதாக அவர் மனம் உறுத்தியது. சோதனைக் காரை நீளவாக்கில் இரண்டாக அறுக்கச் சொன்னார். இரு பாதிகளையும் மெல்ல விலக்கிப் பார்த்தார். நான்கு அங்குலம் விலக்கியதும் திருப்தி வந்தது. பம்பர்கள் ஏற்கனவே தயாராகிவிட்டதால் அவற்றையும் நடுவில் வெட்டி, இடையில் ஒரு தகடு வைத்து இணைத்தார்கள். ஆரம்பகால மொரிஸ் மைனரின் பம்பர் நடுவிலும் பானெட் நடுவிலும் தெரியும் பட்டைகளுக்கு இதுவே காரணம்.

முதலாளி நஃபீல்டு பிரபுவுக்கு இந்தக் கார் பிடிக்கவில்லை. அதன் உருவத்தை முட்டையோடு ஒப்பிட்டு ஏளனம் செய்தார். ஆனால் 1948-ல் லண்டன் கண்காட்சியில் அறிமுகமானபோது மக்கள் அதைத் தேடி வந்தார்கள். பத்து இலட்சம் விற்ற முதல் பிரிட்டிஷ் கார் என்ற பெயரை அது பெற்றது. 1970-களின் தொடக்கம்வரை ஏறத்தாழ 16 இலட்சம் வண்டிகள் தயாராயின.

பத்தடிக்குள் ஒரு குடும்பம்

1952-ல் மொரிஸும் ஆஸ்டினும் இணைந்து பி.எம்.சி. ஆனபோது இசிகோனிஸ் ஆல்விஸ் நிறுவனத்துக்குச் சென்றார். அங்கே அவர் வடிவமைத்த பெரிய கார் செலவு காரணமாகக் கைவிடப்பட்டது. 1955 இறுதியில் பி.எம்.சி. தலைவர் லியோனார்டு லார்டு அவரைத் திரும்ப அழைத்துக்கொண்டார்.

அடுத்த ஆண்டே சூயஸ் நெருக்கடி. எகிப்து சூயஸ் கால்வாயை நாட்டுடைமையாக்க, போர் மூண்டு கால்வாய் அடைபட்டது. பிரிட்டனில் பெட்ரோல் பங்கீட்டு முறைக்கு வந்தது. மக்கள் முட்டை வடிவிலான சிறு ஜெர்மன் வண்டிகளை வாங்கத் தொடங்கினார்கள். அவற்றை வீதியிலிருந்து விரட்டும் ஒரு முறையான சின்னக் காரை உடனே செய்துதாருங்கள் என்றார் லார்டு. ஒரே நிபந்தனை, நிறுவனத்திடம் ஏற்கனவே உள்ள எஞ்சினைத்தான் பயன்படுத்தவேண்டும்.

இசிகோனிஸ் வெளியிலிருந்து தொடங்காமல் உள்ளிருந்து தொடங்கினார். நான்கு பெரியவர்கள் உட்கார எவ்வளவு இடம் வேண்டும்? அவர்களின் பெட்டிகளுக்கு எவ்வளவு? அதைச் சுற்றிக் காரை வரைந்தார். மொத்த நீளம் பத்தடி. அதில் எண்பது சதவீதம் மனிதர்களுக்கும் சாமான்களுக்கும். மிஞ்சியது இரண்டடி. அதற்குள் எஞ்சின் எப்படி அடங்கும்?

அக்காலக் கார்களில் எஞ்சின் நீளவாக்கில் இருக்கும். அதன் பின்னால் கியர் பாக்ஸ், அங்கிருந்து பின்சக்கரம்வரை ஒரு நீண்ட தண்டு. அந்தத் தண்டுக்காகக் காரின் தரையில் மேடு எழும்பி, கால்வைக்கும் இடத்தைத் தின்றுவிடும். இசிகோனிஸ் எஞ்சினைக் குறுக்காகத் திருப்பினார். கியர் பாக்ஸை எஞ்சினுக்கு அடியில், எண்ணெய்த் தொட்டிக்குள்ளேயே வைத்தார். இரண்டுக்கும் ஒரே எண்ணெய். விசையை முன்சக்கரங்களுக்கே கொடுத்ததால் நீண்ட தண்டு தேவைப்படவில்லை, தரை சமமானது.

சக்கரங்களை நான்கு மூலைகளுக்கும் தள்ளினார். டன்லப் நிறுவனம் பத்து அங்குலச் சக்கரத்துக்குரிய டயர்களைச் செய்துகொடுத்தது. நண்பர் அலெக்ஸ் மௌல்டன் ஸ்பிரிங்குகளுக்குப் பதில் ரப்பர் கூம்புகளை வடிவமைத்தார். இலேசான காரில் ஒருவர் போவதற்கும் ஐந்து பேர் போவதற்கும் எடை பெரிதும் வேறுபடும். ரப்பர் அழுந்த அழுந்தக் கெட்டியாகும் என்பதால் இரு நிலையிலும் அது தாங்கியது.

1959 ஆகஸ்ட் 26 அன்று மினி வெளியானது. விலை ஏறத்தாழ 497 பவுண்டு.

பலமும் பலவீனமும்

குறைகளும் இருந்தன. முதலில் வந்த கார்களில் தரைத் தகடுகளின் இணைப்பு வழியே மழைநீர் உள்ளே புகுந்து கால் நனைந்தது. எஞ்சினின் மின்பொறிப் பகுதி முன்புறம் இருந்ததால் ஈரம் பட்டு வண்டி நின்றது. விலையையும் மிகக் குறைவாக வைத்துவிட்டார்கள். போட்டி நிறுவனமான ஃபோர்டு ஒரு மினியைப் பாகம் பாகமாகப் பிரித்துக் கணக்கிட்டு, இந்த விலைக்கு விற்றால் நட்டம்தான் என்ற முடிவுக்கு வந்தது.

தன் யோசனையில் பிறர் கைவைப்பதை இசிகோனிஸ் பொறுக்கமாட்டார். வாங்குபவர்களின் கருத்தைக் கேட்பதும் அவருக்குப் பிடிக்காது. இருக்கை மிகவும் சுகமாக இருந்தால் ஓட்டுநர் அசந்துவிடுவார் என்று எண்ணினார். காரில் ரேடியோ இருப்பதை விரும்பவில்லை. மினியை உருவாக்கிய அதே பிடிவாதம், பின்னாளில் அவர் செய்த பெரிய கார்களை மக்கள் ஒதுக்கவும் ஒரு காரணமானது. 1968-ல் நிறுவனம் பிரிட்டிஷ் லேலண்டாக மாறியபோது புதிய நிர்வாகம் அவரை ஓரமாக வைத்தது.

ஆனாலும் மினி நின்றது. மோண்டி கார்லோ பந்தயத்தில் 1964, 1965, 1967 ஆண்டுகளில் பெரிய கார்களை வென்றது. 1969-ல் இசிகோனிஸுக்கு சர் பட்டம் கிடைத்தது. அதற்கு இரண்டாண்டு முன்பே, மூன்று முறை கணிதத்தில் தோற்ற அந்த மாணவரை பிரிட்டனின் தலைசிறந்த அறிவியல் அமைப்பான ராயல் சொசைட்டி தன் உறுப்பினராக்கியிருந்தது.

1971-ல் ஓய்வு பெற்றபோது, தகடுகளையும் திருகாணிகளையும் கொண்டு பிள்ளைகள் பொறிகள் செய்து விளையாடும் மெக்கானோ பெட்டியில் மிகப் பெரியதை அவருக்குப் பரிசாகக் கொடுத்தார்கள். 1988 அக்டோபர் 2 அன்று, 81-ஆம் வயதில், பர்மிங்காமில் மறைந்தார். மினி அவருக்குப் பின்னும் 12 ஆண்டுகள் தயாரிப்பில் இருந்தது. 2000-ல் நிறுத்தப்பட்டபோது எண்ணிக்கை 53 இலட்சத்தைத் தாண்டியிருந்தது.

இன்று நம் தெருவில் நிற்கும் சின்னக் கார் ஒன்றின் பானெட்டைத் திறந்து பாருங்கள். பெரும்பாலும் எஞ்சின் குறுக்காக இருக்கும், முன்சக்கரங்களே இழுக்கும். நம் நாட்டுக் குடும்பங்களைக் காரில் ஏற்றிய மாருதி 800-ம் அப்படித்தான். கியர் பாக்ஸை எஞ்சினுக்கு அடியில் வைக்காமல் பக்கத்தில் வைக்கும் முறையைப் பிறர் பின்னர் கொண்டுவந்தார்கள். ஆனால் குறுக்கு எஞ்சினோடு சின்னக் காரில் ஒரு குடும்பத்துக்கே இடம் தரமுடியும் என்று உலகை நம்பவைத்தது மினிதான்.

தேர்வு முடிவு வரும் மாதங்களில், மதிப்பெண் குறைந்த பிள்ளையின் முன் நாம் என்ன பேசுகிறோம் என்பதைச் சற்று யோசிக்கவேண்டும். ஒரு பாடத்தில் தோற்றவனின் கையில் வேறு திறமை இருக்கலாம். அதைக் கண்டுகொள்ளும் ஒருவர் வீட்டில் இருந்தால் போதும். ஊரும் கணவரும் சொத்தும் போன பின்பும் ஹுல்டா அம்மையார் தம் மகனுக்கு அப்படி ஒருவராக இருந்தார்.