ராயக்கோட்டையை வரைந்த வெள்ளைக்காரர்

குப்பத்திலிருந்து கிருஷ்ணகிரி வழியாக ராயக்கோட்டைப் பக்கம் போய் வந்த அன்பர்கள் அங்குள்ள மலைக்கோட்டையைப் பார்த்திருப்பார்கள். 1792-ல் அதைப் படமாக வரைந்தவர் தாமஸ் டேனியல்.

1749-ல் இங்கிலாந்தில் ஒரு விடுதிக்காரரின் மகனாகப் பிறந்த இவர், முதலில் கற்றது கோச்சு வண்டிகளுக்கு வர்ணம் தீட்டும் தொழில். இயற்கைக் காட்சி ஓவியத்தால் லண்டனில் பிழைப்பு நடக்கவில்லை. 1785-ல் சகோதரர் மகன் வில்லியத்துடன் கப்பலேறி, சீனா வழியாக மறு ஆண்டு கல்கத்தா சேர்ந்தார்.

மைசூர்ப் போர் ஓய்ந்ததும் இருவரும் சென்னையிலிருந்து பல்லக்கில் கிளம்பி, பாரமகால், மதுரை, பாபநாசம் வரை சென்றனர். டேனியல் ஒரே மூச்சில் படத்தை முடிப்பவர் அல்ல. காமிரா போன்ற இருட்டுப் பெட்டியில் விழும் பிம்பத்தைப் பார்த்து முதலில் பென்சில் கோடு. அதன்மேல் இலேசான நீர்வர்ணம். எண்ணெய் வர்ணம் கடைசியில்தான். சில படங்களுக்கு அந்தக் கடைசிக் கட்டம் வரப் பல ஆண்டுகள் ஆயின! சென்னைக்கு அப்போது துறைமுகம் கிடையாது. அலைகளுக்கு நடுவே படகுகளும் அப்பால் கோட்டையுமாக அந்தக் கரையையும் வரைந்தார்.

1793-ல் சென்னையில் தம் ஓவியங்களை லாட்டரியில் விற்றார். கலையை லாட்டரியில் போடுவதா என்று முகம் சுளிக்க வேண்டாம். பயணச் செலவுக்குப் பணம் வேண்டுமே! 1794-ல் தாயகம் திரும்பி, 1795 முதல் 1808 வரை 144 இந்தியக் காட்சிகளை அச்சிட்டு வெளியிட்டார். இந்தியாவுக்கு மறுபடி வரவேயில்லை. பழைய பென்சில் கோடுகளைப் பார்த்தே எண்ணெய் ஓவியங்கள் தீட்டி வந்தார். 1837-ல் வில்லியம் காலமானார். மூன்றாண்டு கழித்து, தொண்ணூறு வயதில், தாமஸும் மறைந்தார்.